நகையும் இளிவும்

(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'இலக்கியத்தில் நட்பு' என்னும் பொருளில் பேசுமாறு செயலாளர் பணித்தார். பிசிராந்தையாரையும் கோப்பெருஞ்சோழனையும் பற்றி நீங்கள் நூறு முறை கேட்டிருப்பீர்கள். ஆதலின், நண்பர்கள் நம் உடம்பைப் பற்றிச் சொல்லும் சொற்களை எடுத்துக்கொள்கிறேன். செயலாளர் பொறுத்தருள்க.

ஆறாண்டுகளுக்கு முன் இவ்வட்டத்தின் கவியரங்கு ஒன்றில் என்னை மேடைக்கு அழைத்த நண்பர், "தமிழைப் போலவே இவரும் நாளொரு மேனியாக வளர்ந்து வருகிறார்" என்றார். அரங்கு அதிர்ந்தது. நானும் சிரித்தேன். அவ்வாண்டு தைராய்டு சுரப்பி குன்றியதால் என் எடை 11 கிலோ கூடியிருந்தது; விடிந்ததும் வெறும் வயிற்றில் மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தேன். அஃது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டார்; நல்லவர். கவிதையின் கடைசிப் பகுதியைப் படிக்காமலே நான் இறங்கியதை எவரும் கவனிக்கவில்லை.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகை பிறக்கும் களன்கள் நான்கு என்று கூறி, எள்ளலை முதலில் வைக்கிறார். அதற்கு உரை வகுத்த பேராசிரியர், எள்ளல் இருவகைப்படும் என்கிறார். பிறரை எள்ளித் தான் நகுதல் ஒன்று. பிறரால் எள்ளப்பட்டவிடத்துத் தானும் நகுதல் மற்றொன்று. மாணவியாக இருந்தபோது இந்த இரண்டாம் வகை எனக்கு விளங்கவில்லை. எள்ளப்பட்டவர் ஏன் சிரிக்க வேண்டும்? அந்த மேடையில் விளங்கிற்று. சிரிக்காவிட்டால், "வேடிக்கையைக்கூடத் தாங்கமாட்டாரா?" என்று இன்னொரு சொல்லையும் கேட்க வேண்டிவரும். அழுகைக்குரிய களன்கள் நான்கனுள் முதலில் நிற்பது இளிவு. ஒரே சொல் சொன்னவர்க்கு நகையாகவும் கேட்டவர்க்கு இளிவாகவும் ஆகிறது.

கலித்தொகையின் 94ஆம் பாட்டில் கூனியும் குறளனும் ஒருவர் உடம்பை ஒருவர் பழித்துப் பேசிக்கொள்வதை அறிவீர்கள். வகுப்பில் அதை நகைச்சுவைக்குச் சான்றாகவே பல்லாண்டுகள் நடத்தினேன். பாட்டின் முடிவை விரைந்து கடந்துவிடுவேன். அவ்விருவரும் இணங்கியபின், அரண்மனையில் உள்ளோர் தம்மைப் பேயென்று எண்ணிச் சிரிக்காதபடி விலகிச் செல்லவே நினைக்கிறார்கள். தமக்குள் அத்தனை பேசியவர்களும் அஞ்சியது பார்ப்பவர் சிரிப்புக்குத்தான். இப்போது அந்த இடத்தில் நின்றுதான் பாடம் நடத்துகிறேன்.

"உரிமையால் சொன்னேன், நண்பர் இடித்துரைக்க வேண்டாமா? வள்ளுவரே சொல்லியிருக்கிறாரே" என்பார்கள். வள்ளுவர் இடிக்கச் சொன்னது எல்லை கடந்த ஒழுக்கத்தை. அவர் கூறும் மிகுதி சதையின் மிகுதி அன்று! அதே குறளில், நட்புச் செய்வது சிரித்து மகிழ்வதற்கன்று என்றுதான் தொடங்குகிறார். விளையாட்டிலும் இகழ்ச்சி துன்பம் தரும் என்று பண்புடைமையிலும் எழுதிவைத்தார்.

கவிஞர்களாகிய நாமும் தப்ப முடியாது. இடை உண்டோ இல்லையோ என்று ஐயுற்றே காலம் கழித்தோம். திரையுலகமோ உடம்பையே பட்டப்பெயராக்கியது: ஓமக்குச்சி நரசிம்மன், குண்டு கல்யாணம். "எந்தக் கடை அரிசி?" என்ற கேள்வியைத் திருமணப் பந்தியில் கேட்காத பருத்த பெண் தமிழ்நாட்டில் உண்டா?

இனிச் சொல்லப்போவதைச் சொல்லத்தான் இத்தனையும் சொன்னேன். விடுதியில் என் அறைத்தோழி மிக மெலிந்தவள். 'ஓமக்குச்சி' என்று அவளை முதலில் அழைத்தவள் நான். ஒரு வாரத்தில் விடுதி முழுவதும் அழைத்தது. அவளும் சிரித்தாள்; பேராசிரியர் கூறும் இரண்டாம் வகைச் சிரிப்பு. ஆண்டிறுதிப் புகைப்படத்தில் அவள் பின்வரிசையில், இருவர் தோளுக்கு நடுவே முகம் மட்டும் தெரிய நிற்கிறாள். பருத்தவள் மறைய விரும்புவது எனக்குப் பின்னர்ப் புரிந்தது. மெலிந்தவளும் மறைய விரும்பினாள் என்பது அன்று புரியவில்லை.

சென்ற ஆண்டு, என் நூல் வெளியீட்டுச் செய்தியைப் படித்து அவள் மடல் எழுதியிருந்தாள். அன்பான மடல். முடிவில் தன் பெயரை எழுதி, அதன் கீழே, "பெயர் நினைவில்லாமல் போயிருக்கலாம். நீ வைத்த பெயர் ஓமக்குச்சி" என்று குறித்திருந்தாள்.

மறுமொழி எழுத எனக்கு மூன்று வாரங்கள் ஆயின. அவள் பெயரை விளித்துத் தொடங்கினேன். அடுத்த வரியில் மன்னிப்புக் கேட்டேன்.