வெளிச்சத்தின் விலை



2022இல் 13 மணிநேர மின்வெட்டின்போது அலவத்துகொடை நோயாளரிடம் இன்சுலினை ஈர மண்பானையில் வைக்கச் சொன்னோம். அணுமின் நிலையம் இருந்தால் இந்த நிலை வராது என்கிறார்கள். நுரைச்சோலை நிலக்கரியைப் போல் அது புகை கக்காதுதான். ஆனால் 1986இல் செர்னோபில் வெடித்தபின், அயடீன்-131 கலந்த பாலைக் குடித்த பிள்ளைகள் பலருக்குத் தைரொயிட் புற்றுநோய் வந்தது. அதே அயடீனால்தான் அந்நோய்க்குச் சிகிச்சையும் அளிக்கிறோம்.

ஆகவே வெறும் பயம் பதிலாகாது, கணக்குக் கேட்போம். கட்டும் கடனை யார் தீர்ப்பது? கழிவை எங்கே வைப்பது? விபத்து நேர்ந்தால் அயடீன் குளிசை உரிய நேரத்தில் பிள்ளைகளுக்குக் கிடைக்குமா? நாம் கட்டாவிட்டாலும் கடலுக்கு அப்பால் கூடங்குளம் 2013 முதல் இயங்குகிறது. கடைசிக் கேள்வி இன்றே நமக்குரியது. கேட்டுத் தெளியத்தானே இப்பள்ளி நம்மைப் பழக்கியது?