கண்ணுக்குத் தப்பும் முறிவு

(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சைக்கிளில் வரும் இளைஞனொருவன் ஒழுங்கை முடக்கிற் சறுக்கிக் கையை ஊன்றி விழுகிறான் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கட்டு வீங்குகிறது. எக்ஸ்கதிர்ப் படம் பார்த்து, "முறிவில்லை" என்கிறார்கள். வீட்டார் மகிழ்கின்றனர். ஆனால், அவ்விடத்திலே படகு வடிவான சிறிய என்பொன்று உண்டு. அதில் விழுந்த மயிரிழைக் கீறல் முதல்நாட் படத்தில் தெரியாமலே போகலாம். அவ்வென்புக்கு இரத்தம் பெரும்பாலும் விரற்பக்கத்திலிருந்தே செல்வதால், கவனியாது விட்டால் முழங்கைப் பக்கத் துண்டு இரத்தமின்றி மடியவுங் கூடும்.

இக்காலக் கருவியில் இது தெரியாதா என்று கேட்பீர்கள். டிஜிற்றல் படம் புள்ளிகளால் ஆனது. புள்ளியொன்றின் அகலம் பொதுவாக 0.1 முதல் 0.2 மில்லிமீற்றர் வரை. ஒரு கருங்கோடும் ஒரு வெண்கோடும் பிரிந்து தெரிய இரண்டு புள்ளியேனும் வேண்டும், ஆகவே, 0.1 மில்லிமீற்றர்ப் புள்ளி, ஒரு மில்லிமீற்றரில் 5 சோடிக் கோடுகளுக்கு மேற் பிரித்துக் காட்டாது. இதனையே பிரிவலு என்கிறோம். நுண்மையான பழைய பிலிம் இதன் இருமடங்கையுங் காட்டவல்லது! ஆயினும் புதுக்கருவி தாழ்ந்ததன்று. மெல்லிய கறுப்பு வெளுப்பு வேற்றுமையைத் திரையிற் கூட்டிப் பார்க்கும் வசதி பிலிமில் இல்லை.

அப்படியானால் புள்ளியை இன்னுஞ் சிறிதாக்கினால் என்ன? ஒவ்வொரு புள்ளியிலும் விழும் கதிர் குறையும். மணல் தூவியதுபோற் படம் கலங்கும். அதைத் தீர்க்கக் கதிரைக் கூட்டினால் நோயாளிக்கே கேடு. மேலும், கிடுகு வேலியின் இடுக்கு நேரே நிற்பவனுக்குத்தான் தெரியும். சரிந்து நிற்பவனுக்குத் தெரியாது. கீறலும் அவ்வாறே. ஆதலாற்றான் பல கோணங்களிற் படம் எடுக்கின்றனர்.

மானிப்பாயில் தமிழிலே மருத்துவங் கற்பித்த டாக்டர் சாமுவேல் கிறீன் 1884 இல் மறைந்தார். றொண்ட்ஜன் எக்ஸ்கதிரைக் கண்டது 1895 இல். அக்காலத்தவருக்கு விரல் நுனியே கருவி. இன்றும் பெருவிரலடிக் குழியை அழுத்தும்போது நோவிருந்தால், படம் என்ன சொன்னாலும் கையை அசையாது கட்டி, 10 முதல் 14 நாட்களில் மறுபடம் எடுப்பது வழக்கம். கூடுமாயின் காந்த அதிர்வுப் படம் முன்னரே காட்டிவிடும்.

நாமோ திரையைக் கைபேசியிற் படம்பிடித்து, லண்டனிலுள்ள வைத்திய உறவினருக்கு அனுப்புகிறோம். அனுப்பும்போதே அது சுருக்கப்படுகிறது. இழந்த புள்ளியைப் பெருப்பித்து மீட்க முடியாது. கேட்பதானால், மூலப் படத்தை இறுவட்டிற் பெற்று அனுப்பியே கேட்போம். விடை வருமுன் கைக்கட்டை அவிழ்க்காதிருப்போம்.