முறுக்குக் குழலும் முதல் பணமும்

தீபாவளி நெருங்கினால் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் முறுக்கு விற்பனை களைகட்டும். அதில் ஒரு பங்கு, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு அடுப்படியில் உழைக்கும் அம்மாக்களின் கைப்பக்குவம்.

அதை நிலையான வருமானமாக்க வழி உண்டு.

மலேசிய நிறுவன ஆணையமான எஸ்.எஸ்.எம்.மில் சொந்தப் பெயரில் வணிகத்தைப் பதிய ஆண்டுக்கு 30 ரிங்கிட். கடைக்குத் தனிப்பெயர் வைத்தால் 60 ரிங்கிட். உணவு கையாள்வோர் பயிற்சியும் டைபாய்டு தடுப்பூசியும் அவசியம்.

முதலுக்கு எங்கே போவது? 1987-இல் தொடங்கிய அமானா இக்தியார் மலேசியா, வருமானம் குறைந்த குடும்பப் பெண்களுக்குச் சிறுகடன் தருகிறது. 2024-இல் அதன் கீழ் இந்தியப் பெண்களுக்கென்றே ‘பெண்’ திட்டம் வந்தது. ஒதுக்கீடு 50 மில்லியன் ரிங்கிட். தெக்குன் நிறுவனத்தில் இந்தியச் சமூகத்துக்கான ஸ்புமி கடனும் உண்டு.

சட்டவிரோத வட்டிக்காரரான ஆலோங்கிடம் கைநீட்டும் முன், இந்த நிறுவனங்களில் ஒருமுறை விசாரித்துப் பாருங்கள்.