வதந்தியும் நம் பிள்ளைகளும்



1983 யூலை 29ஆந் திகதி "புலி வந்துவிட்டது" என்ற வார்த்தை கொழும்பு வீதிகளில் ஓடியதை நம் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். புலி வரவில்லை, ஆனால் அன்று பலர் கொல்லப்பட்டனர். அக்காலத்து வதந்தி வாய்வழி வந்தது. இன்றோ அது பிள்ளையின் கைத்தொலைபேசியில் வருகிறது.

2018 பெப்ரவரியில் அம்பாறை உணவுக்கடையொன்றின் கறியில் கிடந்த மாவுக்கட்டியை மலட்டு மாத்திரை என்றார்கள். அன்றிரவே கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. முகநூல் அந்தப் பொய்யை நாடெங்கும் கொண்டு சென்றது. அரசாங்கப் பகுப்பாய்வாளர் அது மாவே என்று அறிவித்தபோது காரியம் கைமீறியிருந்தது. 2019 ஏப்ரல் 21இல் நமது கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தில் குண்டு வெடித்தபின், வதந்திக்கு அஞ்சி அரசாங்கம் சமூக ஊடகங்களைச் சில நாள் முடக்கிற்று.

"பொய்யை நம்பாதே" என்று பிள்ளைக்குச் சொன்னால், "நான் நம்புவதில்லை" என்றே பதில் வரும். ஆகையால் நாம் வேறுவிதமாகக் கேட்போம். சென்ற வாரம் நீ பிறருக்கு அனுப்பிய செய்தி எது? அதை முதலில் எழுதியவர் யார்? அந்தப் படம் எந்த ஊரில், எந்த ஆண்டில் எடுத்தது? அனுப்புமுன் எவ்வளவு நேரம் யோசித்தாய்? விடைகளைப் பிள்ளையே கொப்பியில் எழுதட்டும். ஏசவேண்டாம், ஏசினால் அடுத்தமுறை மறைத்துவிடும். (குடும்பக் குழுவில் அதிகம் அனுப்புவோர் நம் வயதினரே என்பது சபைக்குத் தெரியாததன்று.)

தமிழ், சிங்கள, ஆங்கிலப் பத்திரிகைகளை விரித்துவைத்து, ஒரே செய்தியை ஒப்பிடவும் பழக்கலாம். அடுத்த ஞாயிறே தொடங்குவோம்; பழைய பத்திரிகை வைத்திருப்போர் கொண்டுவாருங்கள்.