பைக்கு ஒரு வேலை கொடுப்போம்

(பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





டொக்டர் ஒருவரைப் பேசக் கூப்பிட்டால் சீனி வருத்தம், பிரஷர், கொழுப்பு என்றுதான் பேசுவா என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் இன்று துணிப்பையைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்க வேண்டாம். பேசி முடிக்கும்போது சீனி வருத்தமும் பிரஷரும் தானாகவே உள்ளே வந்துவிடும்.

இன்று வாசலில் நம் எல்லோருக்கும் சங்கத்தின் பெயர் பதித்த ஒரு துணிப்பை தந்தார்கள். அழகான பை. அதைக் கையில் வாங்கியதும் எனக்கு என் வீட்டு அலுமாரிதான் ஞாபகம் வந்தது. போன மாதம் அதைத் துப்புரவாக்கும்போது எண்ணிப் பார்த்தேன். இருபத்து மூன்று துணிப்பைகள். மருத்துவ மாநாடுகளில் தந்தவை, கருத்தரங்குகளில் தந்தவை, கல்யாண வீடுகளில் தந்தவை. பாதிக்கு மேல் ஒரு தடவைகூட வெளியே போகாதவை. சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று தந்த பைகள் என் அலுமாரியில் குப்பையாகக் கிடந்தன.

எங்கள் மூத்தம்மா இருந்திருந்தால் ஏசியிருப்பா. “வேலையில்லாத பை எலிக்கு வீடு” என்பா. அவவின் வீட்டில் இருந்த பைகளை விரல்விட்டு எண்ணலாம். மீன் வாங்கப் பன்னால் இழைத்த உமல் ஒன்று, மரக்கறிக்கு ஒன்று, தறிக்கு நூல் கொண்டுபோக சாரன் துணியில் தைத்த பை ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆணி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. மீன் உமலில் மரக்கறி போகாது. நூல் பையில் வெற்றிலைகூடப் போகாது.

பிறகு சொப்பிங் பேக் வந்தது. கையை வீசிக்கொண்டு சந்தைக்குப் போய், ஏழெட்டுப் பொலித்தீன் பைகளோடு திரும்பப் பழகிவிட்டோம். 2017 செப்டெம்பர் 1ஆம் திகதி முதல் நம் நாட்டில் பொலித்தீன் பைகளுக்கும் லஞ்ச் சீற்றுக்கும் கட்டுப்பாடுகள் வந்தன. 2025 நவம்பர் 1ஆம் திகதியிலிருந்து கடைகளில் சொப்பிங் பேக்கை இலவசமாகத் தரக்கூடாது, அதன் விலையைப் பில்லில் காட்ட வேண்டும் என்றும் ஆகிவிட்டது. சட்டம் பையின் விலையைத்தான் காட்டும். அந்தப் பை எங்கே போய்ச் சேருகிறது என்பதைப் பார்க்க நாம் தூரம் போகத் தேவையில்லை. நம் அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காட்டில் குப்பை மேட்டில் பிளாஸ்டிக்கைத் தின்று எட்டு ஆண்டுகளில் இருபது யானைகள் வரை செத்துப்போனதாக 2022 ஜனவரியில் உலகச் செய்திகளில் வந்தது. கறியும் சோறும் ஒட்டிய பொலித்தீனை யானை பையென்று அறியாது.

அப்படியானால் துணிப்பைக்கு மாறினால் போதுமா? போதாது. பிரித்தானியச் சுற்றுச்சூழல் முகவரகம் 2011இல் ஒரு ஆய்வறிக்கை வெளியிட்டது. புதிதாகச் செய்யும் ஒரு பருத்திப் பையைக் குறைந்தது 131 தடவை பயன்படுத்தினால்தான், ஒரே தடவை பாவித்து எறியும் மெல்லிய பிளாஸ்டிக் பையைவிடப் பூமிக்குச் சூடு குறைவு என்று அதில் கணக்குச் சொன்னார்கள். பருத்தி விளைவிக்க, நூற்க, நெய்யச் செலவாகும் சக்தி அவ்வளவு. வாரம் ஒரு தடவை சந்தைக்குக் கொண்டுபோனால் 131 தடவைக்கு இரண்டரை வருடம் ஆகும். என் அலுமாரியில் கிடந்த பைகள் ஒன்றைக்கூட எட்டவில்லை. எனவே கையில் இருக்கும் பைக்கு மூத்தம்மா கொடுத்ததுபோல ஒரு நிரந்தர வேலை கொடுக்க வேண்டும். நான் என் வீட்டில் செய்து பார்த்தவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது சந்தைப் பை. இதில் ஒரு டொக்டராக எனக்கு ஒரு எச்சரிக்கை உண்டு. அமெரிக்காவில் கலிபோர்னியா, அரிசோனா மாநிலங்களில் கடைக்கு வந்தவர்களிடம் 84 பைகளை வாங்கிப் பரிசோதித்தார்கள். பாதியளவு பைகளில் கோலிபோர்ம் பக்டீரியா இருந்தது. இறைச்சி நீர் பட்ட பையைக் காரின் பின்பெட்டியில் இரண்டு மணித்தியாலம் வைத்தபோது கிருமி பத்து மடங்கானது. ஆனால் பையைக் கழுவினால் 99.9 வீதத்துக்கும் மேல் போய்விட்டது. மூத்தம்மா மீன் உமலைக் கிணற்றடியில் அலசி வெயிலில் கவிழ்த்து வைத்தது இதனால்தான். அவவுக்கு பக்டீரியாவின் பெயர் தெரியாது, அவ்வளவே. ஆகவே மீனுக்கும் இறைச்சிக்கும் ஒரு தனிப் பை, வேறு நிறத்தில். அதற்குள் மூடியுள்ள ஒரு டப்பா. வீட்டுக்கு வந்ததும் சவர்க்காரம் போட்டுக் கழுவி வெயிலில் காயப்போடுங்கள். அந்தப் பையில் பழமோ பாணோ ஒருநாளும் போடாதீர்கள்.

இரண்டாவது குசினிப் பை. வெங்காயம், உள்ளி, உருளைக்கிழங்குக்குக் காற்று வேண்டும். பொலித்தீனில் கட்டி வைத்தால் வேர்த்து அழுகும். பருத்திப் பையில் போட்டு நிழலில் தொங்கவிடுங்கள். வெங்காயமும் கிழங்கும் ஒரே பையில் வேண்டாம், கிழங்கு சீக்கிரம் முளைத்துவிடும். கிழிந்த பையைச் சதுரமாக வெட்டி, நான்கு மடிப்பாக வைத்துத் தைத்தால் சட்டி இறக்கும் பிடிதுணி. ஒன்றை மட்டும் கவனியுங்கள். புடைவைக் கடைகளில் துணி மாதிரியே தரும் சில பைகள் துணியல்ல, பொலிப்புரொப்பலீன் என்ற பிளாஸ்டிக். உற்றுப் பார்த்தால் பாவும் ஊடையும் தெரியாது, புள்ளி புள்ளியாக அழுத்தியிருக்கும். நெசவு ஊர்ப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை. அவற்றை அடுப்படிக்குக் கொண்டுபோகாதீர்கள், உருகும். பெருநாள் உடுப்பைத் தூசு படாமல் மூடிவைக்க அவை நல்லவை.

மூன்றாவது மருந்துப் பை. நான் இன்று பேச வந்ததே இதற்காகத்தான்.

சில வருடங்களுக்கு முன் அறுபது வயது தாண்டிய ஒரு தாயை மயக்கமான நிலையில் கொண்டுவந்தார்கள். உடம்பெல்லாம் வேர்த்து நனைந்திருந்தது. இரத்தத்தில் சீனி மிகக் குறைந்துபோயிருந்தது. என்ன மருந்து எடுக்கிறா என்று மகளிடம் கேட்டேன். மகள் முடிச்சுப் போட்ட இரண்டு சொப்பிங் பேக்குகளை மேசையில் கொட்டினா. உறை இல்லாத குளிசைகள், பழைய கடதாசி, முடிந்துபோன அட்டைகள், எல்லாம் ஒன்றாக. தேடிப் பார்த்தபோதுதான் விளங்கியது. ஒரே சீனிக் குளிசை இரண்டு இடத்தில் வாங்கியது, இரண்டு பெயரில் இருந்தது. அந்தத் தாய் இரண்டையும் எடுத்திருக்கிறா. நிறம் வேறு, அட்டை வேறு, ஆகவே மருந்தும் வேறு என்று நினைத்திருக்கிறா. அல்லாஹ்வின் உதவியால் அவ பிழைத்துக்கொண்டா. எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை.

அன்று இரவு அலுமாரியில் இருந்து ஒரு மாநாட்டுப் பையை எடுத்து, என் உம்மாவுக்கு ஒரு மருந்துப் பை தைத்தேன். உள்பக்கம் மூன்று பொக்கற். ஒன்றில் காலைக் குளிசை, ஒன்றில் இரவுக் குளிசை, பெரியதில் கிளினிக் கொப்பி. காலைக்கு மஞ்சள் துணி, இரவுக்கு நீலத் துணி. கண் மங்கினாலும் நிறம் தெரியும். குளிசைகள் அவற்றின் அட்டையிலேயே இருக்க வேண்டும். புது மருந்து தந்தால், நிறுத்திய மருந்தைப் பையிலிருந்து எடுத்துவிட வேண்டும். இன்சுலின் மட்டும் குளிர்சாதனப் பெட்டியில் இருக்கட்டும். கிளினிக் போகும்போது, வேறு டொக்டரிடம் போகும்போது, பார்மசிக்குப் போகும்போது முழுப் பையும் போக வேண்டும். உங்கள் பையை விரித்துப் பார்க்கும் ஒரு நிமிடத்தில் எங்களுக்கு விளங்குவது, பத்து நிமிடம் கேள்வி கேட்டாலும் விளங்காது.

நான்காவது கதவடிப் பை. 2004 டிசம்பர் 26 எனக்கு மட்டுமல்ல, இந்த மண்டபத்தில் நாற்பது வயது தாண்டிய எல்லோருக்கும் மறக்காது. நான் அப்போது மருத்துவ மாணவி, விடுமுறையில் ஊரில் நின்றேன். கடலோரத்தில் ஒரு வாப்பா வீட்டு உறுதியை எடுத்து வர உள்ளே திரும்பிப் போனார். அவர் வெளியே வரவில்லை. அடுத்த நாட்களில் தங்கியிருந்த இடங்களில் வயதானவர்களிடம் என்ன மருந்து எடுத்தீர்கள் என்று கேட்டுத் திரிந்தோம். “வெள்ளைக் குளிசை, பாதி” என்றார்கள். கொப்பி கடலோடு போய்விட்டது.

ஆகவே கதவுக்குப் பின்னால் ஒரு ஆணி, அதில் ஒரு பை. அடையாள அட்டைகளின் பிரதி, பிறப்புச் சான்றிதழ், உறுதியின் பிரதி, கிளினிக் கொப்பியின் படம், மூன்று நாளைக்கு மருந்து, ஒரு டோர்ச், கொஞ்சக் காசு. கடதாசிகளைத் தண்ணீர் புகாத உறையில் போடுங்கள். பொலித்தீனுக்கு நாம் கொடுக்கக்கூடிய நல்ல வேலை இது. வெள்ளமோ கடலோ வந்தால், பை கைக்கு எட்டினால் எடுங்கள். எட்டாவிட்டால் விட்டுவிட்டு ஓடுங்கள். பையைத் தேடி யாரும் உள்ளே போகக்கூடாது என்பதற்காகத்தான் அதைக் கதவடியில் வைக்கச் சொல்கிறேன்.

தைக்கத் தெரியாதே என்று யாரும் சொல்ல முடியாது. நம் எல்லோரையும் இதே பாடசாலையில் தையல் டீச்சர் ஊசி பிடிக்க வைத்தா. நான் அன்று தைத்த பை கோணலாக இருந்தது. டீச்சர் பிரித்துத் தந்து, “பை கிழிவது அடியில் இல்லை பிள்ளை, கைபிடியில்” என்றா. பிடியைப் பையோடு ஒரு அங்குலம் மடித்து வைத்து, சதுரமாகத் தைத்து, சதுரத்துக்குள் குறுக்கே இரண்டு கோடு ஓட்டச் சொன்னா. சத்திர சிகிச்சையில் தையல் போடும் நாட்களிலும் அந்தச் சொல் எனக்கு உதவியது. எந்த இடத்தில் இழுவை வருமோ அந்த இடத்தில்தான் பலம் வேண்டும்.

துணிக்கும் நம் ஊரில் பஞ்சமில்லை. மருதமுனைச் சாரன் நாடு முழுக்கப் பெயர் பெற்றது. தேய்ந்த சாரனில் நல்ல இடத்தை மட்டும் வெட்டினாலும் இரண்டு பை வரும். பழைய துணியில் தைத்தால், முன்பு சொன்ன 131 தடவைக் கணக்கும் நமக்கு இல்லை, புதிதாகப் பருத்தி விளைவிக்கவில்லையே. 1977க்குப் பிறகு வெளிநாட்டுத் துணி வந்து குவிந்ததில் நம் தறிகள் பட்ட பாடும், சுனாமியில் பட்ட பாடும் உங்களுக்குத் தெரியும். இருக்கும் நெசவாளரிடம் துண்டுத் துணியை உரிய விலை கொடுத்து வாங்கினால் அவர்களுக்கும் ஒரு உதவி.

கடைசியாகச் சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். ஒவ்வொருவரும் வீட்டில் சும்மா கிடக்கும் பைகளில் ஐந்தைக் கழுவிக் கொண்டுவந்து பாடசாலையில் தாருங்கள். வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருப்பவர்கள் ஊருக்கு வரும்போது கொண்டுவாருங்கள். மாணவிகள் மஞ்சளும் நீலமும் கைத்தறித் துண்டில் பொக்கற் தைக்கட்டும். அவற்றைக் கிளினிக் வரும் வயதானவர்களுக்குக் கொடுப்போம். முதல் இருபது பைகளை நான் கொண்டுவந்திருக்கிறேன், மேசைக்குக் கீழே இருக்கின்றன. மீதி மூன்றும் என் வீட்டில் ஆணியில் தொங்குகின்றன.

இன்று உங்கள் கையில் இருக்கும் நூற்றாண்டுப் பையை வீட்டுக்குப் போனதும் அலுமாரியில் வைக்காதீர்கள். உம்மாவோ மாமியோ எடுக்கும் மருந்துகளை அதில் போட்டுப் பாருங்கள். ஒரே மருந்து இரண்டு தடவை இருக்கிறதா என்று தேடுங்கள். சந்தேகம் இருந்தால் நீங்களாக எதையும் நிறுத்தாமல், பையோடு உங்கள் டொக்டரிடம் வாருங்கள்.