மஞ்சள் எச்சரிக்கையும் மூணு வாரம் ஓடாத பேக்கப்பும்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக அங்கங்கே சுருக்கியிருக்கிறோம். பேச்சு மொழியை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

போன எபிசோட் கேட்டுட்டு நிறைய பேர் ஒரே கேள்வியை அனுப்பியிருந்தீங்க. "போன்ல அப்டேட் வந்தா ராத்திரி சார்ஜ்ல போட்டுட்டுத் தூங்கிடுறோம், காலைல முடிஞ்சிருக்கு. சர்வர்ல மட்டும் ஏன் இவ்வளவு பயப்படுறீங்க?" நியாயமான கேள்விதான். பதிலுக்கு நான் பண்ணின ஒரு தப்பைச் சொல்றேன். கம்பெனி பேர் வேண்டாம். தப்பு என்னோடது, அதனால என்னை வச்சுக்கிட்டாப் போதும்.

அப்ப நான் ஒரு சின்ன ஹோஸ்டிங் கம்பெனில இருந்தேன். வாடிக்கையாளர்களோட டேட்டா எல்லாம் செஃப் அப்படிங்கிற மென்பொருள்ல இருந்தது. செஃப் இலவசமாக் கிடைக்கிற ஓப்பன் சோர்ஸ் மென்பொருள். கலிஃபோர்னியாவுல சான்டா குரூஸ் பல்கலைக்கழகத்துல சேஜ் வைல் தன்னோட பிஎச்டி ஆராய்ச்சியா ஆரம்பிச்சது. செஃபலோபாட், அதாவது ஆக்டோபஸ், கணவாய் இந்த வகையோட பேர்ல இருந்துதான் செஃப்னு வந்தது. அதனால ஒவ்வொரு பெரிய வெளியீட்டுக்கும் அந்த வரிசையில, ஆங்கில அகரவரிசைப்படி பேர் வைப்பாங்க. 2019ல நாட்டிலஸ், 2020ல ஆக்டோபஸ், 2021ல பசிபிக், 2022ல குவின்சி, 2023ல ரீஃப். கடல் உணவு மெனு மாதிரி இருக்கும்.

எங்ககிட்ட 12 சர்வர், ஒவ்வொண்ணுலயும் 8 டிஸ்க். எந்த டேட்டாவா இருந்தாலும் மூணு வேற வேற சர்வர்ல மூணு நகல். வீட்டுப் பத்திரத்தை ஜெராக்ஸ் எடுத்து பெரியப்பா வீட்டுல ஒண்ணு, அத்தை வீட்டுல ஒண்ணு குடுத்து வைக்கிற மாதிரி. ஒரு சர்வர் செத்தாலும் வேலை நிக்காது. அதனாலதான் ஒவ்வொரு சர்வரா நிறுத்தி, புது வெர்ஷன் போட்டு, திரும்ப ஏத்தி, சேவை நிக்காமலேயே மொத்தத்தையும் மாத்திட முடியும்.

இதுல ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்லணும், ஏன்னா பின்னாடி வர்ற கதைக்கு இதுதான் அடிப்படை. பழைய பாணி ஸ்டோரேஜ்ல நடுவுல ஒரு பதிவேடு இருக்கும். "இந்த ஃபைல் எங்க இருக்கு?"ன்னு அதுகிட்ட கேட்டுட்டுப் போகணும். செஃப்ல அப்படி ஒரு பதிவேடு கிடையாது. க்ரஷ்னு ஒரு கணக்கு இருக்கு. சர்வர்கள் எப்படி அடுக்கியிருக்குங்கிற வரைபடத்தை வாங்கிக்கிட்டு, எந்த டேட்டா எந்த டிஸ்க்ல இருக்கும்னு க்ளையன்ட்டே போட்டுப் பாத்துக்கும். க்ளையன்ட்னா டேட்டாவைக் கேக்கிற மெஷின். இது ரொம்ப அழகான யோசனை, ஏன்னா நடுவுல எங்கயும் நெரிசல் வராது. ஆனா இதுக்கு ஒரு விலை உண்டு. சர்வர் போடுற கணக்கும் க்ளையன்ட் போடுற கணக்கும் ஒண்ணா இருக்கணும். உதாரணமா, ஹேமர் வெளியீட்டுல அந்தக் கணக்கோட ஒரு பகுதியை மாத்தி ஸ்ட்ரா-2ன்னு கொண்டு வந்தாங்க. அது லினக்ஸ் கெர்னல் 4.1க்குக் கீழ இருக்கிற க்ளையன்ட்டுக்குப் புரியாது. ஜுவல்ல இன்னொரு மாத்தம், அதுக்குக் கெர்னல் 4.5 வேணும். சர்வரை நீங்க எவ்வளவு வேணா புதுசாக்கலாம், ஆனா எங்கயோ மூலைல இருக்கிற பழைய மெஷின் "எனக்கு இந்த பாஷை தெரியாது"ன்னு நின்னுடும்.

சரி, கதைக்கு வரேன். நாங்க நாட்டிலஸ்ல இருந்தோம். பசிபிக் போகணும். செஃப்ல நடுவுல ஒரு வெளியீட்டைத் தாண்டிக் குதிக்கலாம், ரெண்டைத் தாண்டக் கூடாது. ஆக்டோபஸைத் தாண்டிப் பசிபிக் போறது சரிதான். இன்னும் தள்ளிப் போட்டா ரெண்டு முறை ஏற வேண்டி வரும்.

2021 கடைசில நான் துடிச்சுக்கிட்டு இருந்தேன். அப்ப இருந்த பசிபிக் வெர்ஷன் 16.2.6. எங்க லீட், நாங்க எல்லாரும் அக்கான்னுதான் கூப்பிடுவோம், "இரு, இன்னொரு வெர்ஷன் வரட்டும்"னாங்க. எனக்குக் கடுப்பு. பயந்தாங்கொள்ளின்னு மனசுல நினைச்சுக்கிட்டேன். கொஞ்ச நாள்லயே செய்தி வந்தது. பழைய வெர்ஷன்ல இருந்து பசிபிக் ஏறும்போது டிஸ்க்ல இருக்கிற ஓமேப் அப்படிங்கிற ஒரு வகை டேட்டாவோட வடிவத்தை மாத்துவாங்க. 'க்விக் ஃபிக்ஸ் ஆன் மவுன்ட்' அப்படிங்கிற அமைப்பு ஆன்ல இருந்தா அந்த மாத்துற வேலைல பிழை, டேட்டாவே கெட்டுப் போகலாம். டிசம்பர்ல வந்த 16.2.7லதான் சரி பண்ணினாங்க. நான் சொன்ன தேதில போயிருந்தா மூணு நகலும் ஒண்ணு பின்னாடி ஒண்ணா அந்தப் பிழை வழியாப் போயிருக்கும். இதை அக்கா ஒரு தடவை கூட சொல்லிக் காட்டினதில்ல.

2022 பொங்கல் வெள்ளிக்கிழமை ராத்திரி ஆரம்பிச்சோம். ஊரடங்கு போட்டிருந்த நேரம், ராத்திரி 10 மணிக்கு மேல வெளிய போக முடியாது. அவங்க தாம்பரத்துல அவங்க வீட்டுல, நான் பெரம்பூர்ல எங்க வீட்டுல, நடுவுல ஒரு போன் கால். அம்மா ஃபிளாஸ்க்ல டீ போட்டு வச்சுட்டுத் தூங்கப் போயிட்டாங்க.

வரிசை முக்கியம். முதல்ல மானிட்டர், அதாவது யார் உயிரோட இருக்காங்க, யார் இல்லன்னு முடிவு பண்றவங்க. அப்புறம் மேனேஜர். அப்புறம் டிஸ்க்கைப் பாத்துக்கிற ஓஎஸ்டி. கடைசிலதான் மத்ததெல்லாம். மானிட்டர் ஏறிடுச்சுன்னா திரும்பிப் பழைய வெர்ஷனுக்கு இறங்க வழி கிடையாது. அந்த முதல் மானிட்டருக்கு என்டர் தட்டுறதுக்கு முன்னாடி அக்கா கேட்டாங்க, "சாப்பிட்டியாடா?" இவ்வளவு நேரம் கழிச்சு இது என்ன கேள்வின்னு தோணிச்சு. இப்ப நானும் என் ஜூனியர்கிட்ட அதையே கேக்கிறேன்.

ஆரம்பிக்கும்போதே 'நோ-அவுட்'னு ஒரு கொடி போட்டுடணும். இல்லன்னா ஒரு டிஸ்க் 10 நிமிஷம் காணாமப் போனா, "செத்துட்டான், இவன் டேட்டாவை வேற இடத்துல நகலெடுங்க"ன்னு மொத்த கிளஸ்டரும் பரபரப்பாயிடும். நாம சும்மா ரீஸ்டார்ட் தான் பண்றோம்னு அதுக்குத் தெரியாதில்ல. எங்க டிஸ்க் எல்லாம் பழைய சுத்துற டிஸ்க். அந்த ஓமேப் மாத்துற வேலைக்குச் சிலது அரை மணி நேரத்துக்கு மேல எடுத்துக்கிச்சு. விடியக் காலைல முடிஞ்சது. எல்லா டீமனும் ஒரே வெர்ஷன். "இனிமே பசிபிக்குக் கீழ எவனும் உள்ள வரக் கூடாது"ன்னு ஓஎஸ்டிக்குச் சொல்ற கட்டளையையும் போட்டோம். ஒரு வாடிக்கையாளர் கூட போன் பண்ணல. அன்னிக்கு எனக்கு இருந்த கர்வம் இருக்கே!

ஆனா ரெண்டு மஞ்சள் எச்சரிக்கை மிச்சம் இருந்தது. 2021ல செஃப்ல ஒரு பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிச்சாங்க. க்ளையன்ட் முதல் தடவை உள்ள வரும்போது குளோபல் ஐடின்னு ஒரு எண் குடுப்பாங்க. இணைப்பு அறுந்து திரும்ப வரும்போது "நான்தான் அந்த எண்"னு சொன்னா, பழைய முறைல பெருசா நிரூபணம் கேக்காம உள்ள விட்டுடுவாங்க. அதே வருஷம் ஏப்ரல்ல சரி பண்ணிட்டாங்க. ஆனா பழைய க்ளையன்ட்டுகளுக்கு நிரூபிக்கிற வழியே தெரியாது. அதனால அந்தக் கதவை உடனே மூடாம, "மூடலாமா?"ன்னு மஞ்சள்ல கேட்டுக்கிட்டே இருக்கும். ஒரு எச்சரிக்கை, இப்ப இணைஞ்சிருக்கிறவங்கள்ல யார் யார் பழைய முறைல வர்றாங்கன்னு பட்டியல் காட்டும். இன்னொண்ணு, கதவு இன்னும் தொறந்திருக்குன்னு சொல்லும்.

அந்த வாரம் முழுக்கப் பட்டியல்ல இருந்த க்ளையன்ட்டை எல்லாம் புதுசாக்கினேன். வியாழக்கிழமை முதல் எச்சரிக்கை காணாமப் போச்சு. ரெண்டாவது மட்டும் மஞ்சளா நின்னுது. அக்கா ஊருக்குப் போற அவசரத்துல, "அதை மியூட் பண்ணி வை, நான் வந்து பாக்கலாம்"னாங்க. எனக்குப் பொறுக்கல. பட்டியல் காலி, அப்புறம் என்ன? வெள்ளிக்கிழமை, ஜனவரி 21, கதவை மூடினேன். பச்சை. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து டீம் க்ரூப்ல போட்டேன். பதினோரு பேர் கை தட்டினாங்க.

எங்ககிட்ட ஒரு பழைய மெஷின் இருந்தது. ஞாயிறு ராத்திரி 2 மணிக்கு மட்டும் எழுந்து, செஃப்கிட்ட வந்து, வாடிக்கையாளர்களோட டிஸ்க் இமேஜை எல்லாம் தனியா ஒரு இடத்துல பேக்கப் எடுத்துட்டுப் போயிடும். அதுல இருந்தது 2017ல வந்த லுமினஸ் காலத்து க்ளையன்ட். பட்டியல் காட்டுறது இணைஞ்சிருக்கிறவங்களை மட்டும். ஞாயிறு ராத்திரி 2 மணிக்கு அது பட்டியல்ல வந்திருக்கும், திங்கள் காலைல நான் பாக்கும்போது போயிருக்கும். கதவை மூடினதுக்கப்புறம் வந்த ஞாயிறு அது தட்டிப் பாத்துட்டு, பிழைன்னு ஒரு மெயில் அனுப்பியிருக்கு. அந்த மெயில் போனது வேலையை விட்டுப் போன ஒருத்தரோட முகவரிக்கு.

பிப்ரவரி 10 காலைல ஒரு வாடிக்கையாளர் கூப்பிட்டார். சின்ன அச்சகம் வச்சிருக்கிறவர். தை மாசம், கல்யாண சீசன், பத்திரிகை டிசைன் எல்லாம் எங்ககிட்டதான் வச்சிருந்தார். முந்தின நாள் அவர் கடைப் பையன் ஒரு ஃபோல்டரையே அழிச்சுட்டான். "ஒண்ணும் பிரச்சினை இல்ல சார், ஒரு மணி நேரத்துல எடுத்துத் தர்றேன்"னு சொல்லிட்டுப் போய்ப் பாத்தா, கடைசி பேக்கப் ஜனவரி 16.

மூணு நகல் இருந்ததேன்னு கேப்பீங்க. அழிச்சா மூணுலயும்தான் அழியும்! நகல் இருக்கிறது டிஸ்க் சாவுறதுக்காக. மனுஷன் அழிச்சதுக்குப் பேக்கப் தான் வேணும்.

திரும்பக் கூப்பிட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் அவர் பேசல. அப்புறம், "தம்பி, பேக்கப் இருக்குன்னு சொல்லித்தானே மாசாமாசம் காசு வாங்குறீங்க"ன்னார். திட்டியிருந்தாக்கூட பரவாயில்லன்னு இருந்தது. ஜனவரி 16 வரைக்கும் இருந்ததைக் குடுத்தோம். அதுக்கப்புறம் பண்ணினதுல, கல்யாண வீட்டுக்காரங்களுக்கு வாட்ஸாப்ல அனுப்பின பிடிஎஃப் சிலது கிடைச்சது. மிச்சத்தை அவங்க டிசைனர் ரெண்டு நாள் ராத்திரி பகலா உக்காந்து திரும்பப் போட்டாங்க. அந்த செலவைக் கம்பெனி குடுத்தது. அவர் அடுத்த மாசமே வேற இடத்துக்குப் போயிட்டார்.

அக்கா வந்து மெஷின் லாக் எல்லாம் பாத்துட்டு, "பட்டியலை எத்தனை நாள் பாத்தே?"ன்னு மட்டும் கேட்டாங்க. நாலு நாள்னேன். நாலு நாளும் ஆபீஸ் நேரத்துல.

இப்ப நான் இருக்கிற இடத்துல எந்தக் கதவை மூடுறதா இருந்தாலும், மானிட்டர்கிட்ட யார் யார் வந்து போறாங்கன்னு ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை எடுத்து ஒரு ஃபைல்ல சேத்து வைப்பேன், முழுசா 35 நாள். மாசக் கடைசில மட்டும் ஓடுற சம்பள ரிப்போர்ட் கூட மாட்டும். 'செஃப் ஃபீச்சர்ஸ்'னு ஒரு கட்டளை இருக்கு, இணைஞ்சிருக்கிறவங்க எந்த வெளியீட்டு பாஷை பேசுறாங்கன்னு காட்டும். ஆனா அதை அப்படியே நம்பாதீங்க. புதுக் கெர்னல் க்ளையன்ட் கூட அதுல ஜுவல்னு வந்து நிக்கும், உண்மைல லுமினஸ் வசதி தெரிஞ்சவனா இருப்பான். குறைஞ்சபட்ச வெளியீட்டை உயர்த்தப் போனா செஃப் மறுக்கும், 'எஸ் ஐ ரியலி மீன் இட்'னு கூட எழுதினாத்தான் விடும். நிஜமாவே அந்தக் கட்டளையோட பேர் அதுதான். [சிரிப்பு]

குவின்சி போகும்போது வேற வகை. அதுல லெவல்-டிபி ஆதரவையே எடுத்துட்டாங்க. எங்க மானிட்டர்ல ஒண்ணு அத்தனை வருஷமா அதுலயே ஓடிக்கிட்டு இருந்தது. முன்னாடியே பாத்ததால, அந்த ஒண்ணை மட்டும் கழட்டிப் புதுசாப் போட்டு ஏறிட்டோம். ரீஃப்ல ஃபைல்ஸ்டோரும் போச்சு, அது எங்ககிட்ட இல்ல.

அந்த ஸ்க்ரீன்ஷாட் இன்னும் என் போன்ல இருக்கு. அழிக்கல. அச்சகக்காரருக்குப் போன பொங்கலுக்கு வாழ்த்து அனுப்பினேன். ரெண்டு ப்ளூ டிக் வந்தது.

அடுத்த எபிசோட்ல பேக்கப்பை எடுத்தாப் போதுமா, திரும்ப ஏத்திப் பாக்கிறது எப்படின்னு பேசலாம். உங்க ஆபீஸ்ல மாசத்துக்கு ஒரு தடவை மட்டும் எழுந்திருக்கிற மெஷின் ஏதாவது இருந்தா எழுதி அனுப்புங்க. பேர் போட வேண்டாம்.