அம்புலிமாமா முதல் டோரா வரை: இளமை நினைவும் தலைமுறைகளும்



கவியரங்குகளில் மிகுதியாகப் பாடப்பெறும் பொருள்களுள் இளமைக்கால நினைவும் ஒன்று. கிணற்றில் குதித்ததையும், நுங்கு வண்டி உருட்டியதையும், டூரிங் கொட்டகையில் மணலைக் குவித்து அமர்ந்து படம் பார்த்ததையும் மூத்த கவிஞர் பாடும்போது அவையின் கண்கள் பனிக்கின்றன. இருபத்தைந்து வயதுக் கவிஞர் எழுந்து டோராவையும் புஜ்ஜியையும் பாடினால் அதே அவை சிரிக்கிறது. அச்சிரிப்பில் பகை இல்லை. ஆயினும் ஒரு தீர்ப்பு இருக்கிறது. 'எங்களுடையது வாழ்க்கை, உங்களுடையது வேடிக்கை' என்பதே அத்தீர்ப்பு. அது பொருந்துமா என்பதை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

இளமையை எண்ணி ஏங்குவது தமிழ்க் கவிதைக்குப் புதிதன்று. புறநானூற்றின் 243-ஆம் பாடலில், கோலூன்றித் தளர்ந்த முதியவர் ஒருவர் தம் இளமையை நினைந்து இரங்குகிறார். தோழியரோடு மணலிற் பாவை செய்து பூச்சூட்டியதும், மருதமரக் கிளையேறி ஆழ்நீரில் பாய்ந்து அடிமணலை அள்ளி வந்ததும் அவர் நினைவில் நிற்கின்றன. அவர் பாய்ந்ததைக் கரையில் நின்றோர் கண்டு வியந்தனர் என்பது நோக்கத்தக்கது. அடிமணல் அவர்களுக்குக் காட்டுவதற்கான சான்று. காண்பதற்கு ஒருவருமில்லாத குளத்தில் அவர் பாய்ந்திருந்தால் அந்நினைவு இத்தனை இனித்திராது. இளமை நினைவின் உயிர்நிலை, பிறரோடு பகிர்ந்துகொண்டதில் இருக்கிறது.

அப்பாடலில் விடுபட்ட ஒன்றும் உண்டு. முதியவரோடு கைகோத்து விளையாடிய பெண்களும் மூத்திருப்பர். அவர்கள் எதை நினைந்து இரங்கினர் என்பதை அப்பாடல் கூறவில்லை. பகிர்ந்துகொண்டோர் யாவர், பகிர்வுக்கு வெளியே நின்றோர் யாவர் என்னும் இவ்விரு வினாக்களையும் கைக்கொண்டு, சென்ற எழுபது எண்பது ஆண்டுகளின் வெகுசனப் பண்பாட்டைப் பார்க்கலாம்.

பிள்ளைத்தமிழில் நிலவைக் குழந்தையோடு விளையாட அழைக்கும் பருவம் அம்புலிப் பருவம். அந்நிலவின் பெயரையே தாங்கி 1947 ஜூலையில் 'அம்புலிமாமா' வெளிவந்தது. அதைத் தொடங்கிய நாகிரெட்டியும் சக்கரபாணியும் பின்னர் 'மாயாபஜார்' படத்தைத் தந்தவர்கள். தெலுங்கில் 'சந்தமாமா'வாகவும் தமிழில் 'அம்புலிமாமா'வாகவும் ஒருசேரப் பிறந்த அவ்விதழ் பின்னர் வேறு பல மொழிகளுக்கும் பரவியது. முருங்கை மரத்திலிருந்து இறக்கிய வேதாளத்தைத் தோளில் சுமந்து, உருவிய வாளோடு நடக்கும் விக்கிரமாதித்தனை ஓவியர் சங்கர் வரைந்தார். அவ்வோவியத்தைக் கண்டதும் முகம் மலராத முதியோர் சிலரே. ஓர் இதழ் வீடு வீடாகக் கைமாறி, அட்டை கிழிந்து திரும்பி வந்தது என்பது அத்தலைமுறையினர் பலரும் சொல்லும் செய்தி.

ஆனால் 1951-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் எழுத்தறிவு பெற்றோர் நூற்றுக்கு ஏறத்தாழ 18 பேர். எனவே அவ்விதழைக் காசு கொடுத்து வாங்கி, எழுத்துக்கூட்டிப் படிக்கும் வாய்ப்பு மிகச் சிலருக்கே இருந்தது. 'எங்கள் காலத்துப் பிள்ளைகள் எல்லாரும் படித்தார்கள்' என்று கூறுவோர், தம் தெருவை மட்டும் எண்ணிக் கூறுகின்றனர்.

அடுத்த தலைமுறைக்கு 1972-இல் இரண்டு வாயில்கள் திறந்தன. ஒன்று கல்கி நிறுவனத்தின் 'கோகுலம்'. மற்றொன்று சிவகாசியிலிருந்து வந்த 'முத்து காமிக்ஸ்'. முத்து காமிக்ஸின் முதல் நாயகன் இரும்புக்கை மாயாவி. மின்சாரம் உடலிற் பாய்ந்தால் உருவம் மறைந்து, இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும் அவ்வீரனுக்காகச் சிறுவர்கள் மாதக் கணக்கில் காத்திருந்தனர். அவனைத் தமது மண்ணின் நினைவாகவே அத்தலைமுறை போற்றுகிறது. ஆனால் அவன் பிறந்தது 1962-இல் இலண்டனிலிருந்து வெளிவந்த 'வேலியன்ட்' என்னும் ஆங்கில வார இதழில். சிவகாசியின் தமிழ் அவனை நம்மவன் ஆக்கிற்று. அவ்வாறாயின், அமெரிக்காவில் பிறந்த டோராவைச் சென்னையின் பின்னணிக் குரல் நம்மவள் ஆக்கியதில் இழிவென்ன இருக்கிறது? அயல்நாட்டுச் சரக்கு என்று இளையோரின் நினைவை ஒதுக்குவோர், முதலில் மாயாவிக்கு விடை கூறவேண்டும்.

சிவகாசியைப் பற்றிக் கூறுமிடத்து இன்னொன்றையும் கூறாமல் விடுதல் நேர்மையாகாது. சித்திரக்கதைகள் அச்சேறிய அதே வட்டாரத்தில், அதே ஆண்டுகளில், சிறுவர் சிறுமியர் தீப்பெட்டி ஒட்டியும் பட்டாசுக் காகிதம் சுருட்டியும் உழைத்துக்கொண்டிருந்தனர். குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-இல் வந்தது. சிவகாசிக் குழந்தைகளைப் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம், விதிமீறி வேலைக்கமர்த்தும் முதலாளி ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் இழப்பீடு செலுத்தவேண்டும் என்று 1996-இல் தீர்ப்பளித்தது. மாயாவிக்காகக் காத்திருந்த சிறுவனும் கந்தகம் படிந்த விரல்களையுடைய சிறுமியும் ஒரே தலைமுறையினர். முன்னவன் நினைவு கவிதையாயிற்று. பின்னவள் நினைவு வழக்கு ஆவணமாக நின்றுவிட்டது.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15 அன்று தொடங்கிற்று. வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' நிகழ்ச்சிக்கும், 1987 சனவரியில் தொடங்கிய இராமாயணத் தொடருக்கும் தெருவே ஒரு வீட்டில் கூடிற்று. இந்தி புரியாதவர்களும் கதை தெரிந்திருந்த காரணத்தால் விழித்த கண் மூடாமல் பார்த்தனர். இத்தலைமுறையின் ஏக்கம் அக்கூட்டத்தின் மீதானது. எனினும் அவ்வீட்டிலும் ஒரு வாசற்படி இருந்தது. பெட்டிக்கு அருகில் பாயில் அமர்ந்த பிள்ளைகள் உண்டு. சாளரக் கம்பியைப் பற்றிக்கொண்டு வெளியே நின்றே பார்த்த பிள்ளைகளும் உண்டு. யார் உள்ளே, யார் வெளியே என்பதைப் பணமும் சாதியும் முடிவு செய்தன. உள்ளே அமர்ந்தவர் எழுதும் கவிதையில் அது கூட்டுவாழ்வு. வெளியே நின்றவர் எழுதினால் அக்கவிதை வேறாக இருக்கும்.

தமிழக அரசு 2006-இல் இலவச வண்ணத் தொலைக்காட்சி வழங்கத் தொடங்கிற்று. 'சுட்டி டிவி' 2007-இல் வந்தது. இவ்விரண்டும் அடுத்தடுத்து நிகழ்ந்தமை கருதத்தக்கது. கேபிள் இணைப்புக்கு மாதந்தோறும் பணம் வேண்டியிருந்தது எனினும், குடிசைக்குள்ளும் பெட்டி வந்தது. சாளரக் கம்பிகள் பெரும்பாலும் வெறுமையாயின. எழுத்தறியாப் பிள்ளையும் டோராவோடு பயணம் போயிற்று. தமிழ் பேசிய ஜாக்கி சானின் வசனங்களைக் கூலித் தொழிலாளியின் மகனும் அதிகாரியின் மகனும் ஒன்றுபோல் ஒப்பித்தனர். இவ்வகையில் நோக்கினால், அவை கேட்டுச் சிரிக்கும் டோராவின் நினைவு, அவை கேட்டு நெகிழும் அம்புலிமாமாவின் நினைவைக் காட்டிலும் பலருக்கு உரியது. மேலும், மாயாவியின் கதைகளில் பெண்பிள்ளைகள் தம்மைக் காண இடமில்லை. டோரா முதுகில் பையை மாட்டிக்கொண்டு தானே வழிதேடிச் செல்லும் சிறுமி. பாண்டியும் பல்லாங்குழியும் ஆடி, பூப்பெய்தியதும் தெருவை இழந்த அன்னையரின் மகள்களுக்கு அதன் பொருள் விளங்கும்.

இழப்பே இல்லை என்று கூறுவதும் பொருந்தாது. வீட்டுக்கு வீடு பெட்டி வந்தபோது தெருக் கூட்டம் கலைந்தது. இன்றோ ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் தனித்தனித் திரை. ஒரே வீட்டில் வளரும் அக்காளும் தம்பியும் வெவ்வேறு காட்சிகளைக் காண்கின்றனர். வேதாளத்தின் புதிர்க் கதைக்கும் மாயாவியின் அடுத்த இதழுக்கும் இருந்த காத்திருப்பு இப்போது சுருங்கிவிட்டது. 'அடுத்து என்ன நடக்கும்?' என்று பள்ளிக்குப் போகும் வழியில் தோழியிடம் கேட்கும் வினாவே குறைந்துவருகிறது. தலைமுறைகளுக்கிடையே உண்மையான வேறுபாடு ஒன்று உண்டெனில் அது இதுவே. இன்றைய பிள்ளைகள் வளர்ந்து எதை நினைந்து ஏங்குவர் என்பதை அவர்களே வந்து பாடட்டும். அதுவரை அவர்களின் கவிதைக்கு அவையில் இடம் வைத்திருப்பது மூத்தோர் கடமை.

கவிஞர்கள் இளமையைப் பாடும்போது பொருளின் பழமையை அளவுகோலாகக் கொள்ளவேண்டியதில்லை. குளத்து மணலானாலும் கேலிச்சித்திரமானாலும், அதைப் பகிர்ந்துகொண்ட தோழமை பாட்டில் இருக்கிறதா, பகிர்வுக்கு வெளியே நின்ற பிள்ளையின் நிழலாவது அதில் விழுகிறதா என்று கேட்பது தகும். நுங்கு வண்டியைப் பாடும் கவிஞர், பனையேறியின் மகன் அதை விளையாட நேரம் பெற்றானா என்று ஒரு வரி எழுதினால் அந்நினைவு இன்னும் ஆழம் பெறும். டோராவைப் பாடும் இளைஞர், அப்பெட்டி வீட்டுக்கு வந்த நாளில் தம் பாட்டி என்ன சொன்னாள் என்று எழுதினால் இரு தலைமுறைகள் ஒரே பாட்டில் அமரும்.

பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் இவ்வட்டம் ஒரு கவியரங்கை இப்பொருளில் அமைக்கலாம். அதில் மூத்தோர் இளையோரின் நினைவையும் இளையோர் மூத்தோரின் நினைவையும் கேட்டறிந்து பாடட்டும். தீப்பெட்டி ஒட்டிய பெண்ணொருத்தியை முதலில் பேச அழைத்து, பின்னர்க் கவியரங்கைத் தொடங்குதல் சிறப்பு. வட்டம் மேலும் வளர்க. அதன் வாசல் அகன்று விளங்குக.